மணல் ஒட்டிய சிப்பாய்கள்

"நெறத்தை வுடு பாய். இந்தத் தடவை அடியில மணல் ஒட்டணும். அவ்வளவுதான் வேலை."

கம்பவுண்டர் ராஜாக்கண்ணு சுருட்டுப் பெட்டியைத் திறந்து ஹனீஃபாவின் முன்னால் வைத்தார். உள்ளே விரல் உயரத்துக்கு ஈயச் சிப்பாய்கள், பஞ்சுக்கு நடுவில் படுத்திருந்தார்கள்.

"ரெண்டு பட்டாளத்துக்குமா?"

"சுபேதார் பட்டாளத்துக்கு மட்டும். என்னுது வழவழன்னு அப்படியே இருக்கட்டும். இன்னொண்ணு, இது சுபேதார் காதுக்குப் போகக் கூடாது."

"மணல் எதுக்குங்க?"

"சொன்னதைச் செய் பாய். சனிக்கிழமைக்குள்ள வேணும்."

ஜமுனாமரத்தூரில் கூட்டுறவு சங்கத்துக்கு போர்டு எழுத வாணியம்பாடியிலிருந்து வந்திருந்தான் ஹனீஃபா. மலையேறும்போதெல்லாம் இந்தப் பெட்டி அவனைத் தேடி வந்துவிடும். சிப்பாய்கள் ரிட்டயரான சுபேதார் பழனியுடையவை. கப்பலேறிய வெள்ளைக்கார கர்னல் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனவை. ஞாயிறுதோறும் சுபேதாரும் கம்பவுண்டரும் மேசைமேல் புத்தகங்களை அடுக்கி, மேலே போர்வை விரித்து மலையாக்கி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். தோற்றவர் மறுநாள் சந்தை நடுவில் நின்று ஜெயித்தவருக்கு சலாம் வைக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் செய்ததுதான் வேலை. ஒரு பட்டாளத்துக்குப் பச்சை, இன்னொன்றுக்குக் காக்கி. கறுப்பை நீர்க்கக் கரைத்துச் சட்டை மடிப்புகளில் ஓடவிட்டு, காய்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் வெளிறிய நிறத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தான். சுபேதார் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, "அடேய், பட்டன்கூட போட்டிருக்கியே!" என்றார்.

அதைக் கெடுத்தவர் இந்தக் கம்பவுண்டர்தான். பொங்கலின்போது, "என் ஆளுங்களுக்குக் காக்கி வேணாம், மஞ்சள் அடி" என்றார். ஆடியில், "மஞ்சள் போதாது. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை அடி" என்றார். எந்த ஊர்ப் பட்டாளம் வெள்ளை உடுத்தும்? மடிப்பும் போச்சு, பட்டனும் போச்சு. இப்போது மணல்.

பசை தடவி, மணலில் ஒற்றி, மூன்றாவது சிப்பாயை வெயிலில் வைத்தபோதுதான் அவனுக்குப் பை ஞாபகம் வந்தது.

முதல் அடி யாருக்கு என்பதற்கு, பக்கத்துக்கு ஒரு சிப்பாயைத் துணிப்பையில் போட்டுக் குலுக்குவார்கள். கையை விட்டு ஒன்றை எடுப்பவர் எப்போதும் கம்பவுண்டர். யார் சிப்பாய் வருகிறதோ அவருக்கு முதல் அடி. இனி பார்க்கவே வேண்டாம். வழவழப்பு இவருடையது, சொரசொரப்பு அவருடையது. தடவியே எடுத்துவிடலாம்.

சீட்டில் குறி போடுகிற வேலை. அதற்கு என் கையா?

சிப்பாய்களை முடித்துக் கொடுத்துவிட்டான். ஆனால் உட்கார முடியவில்லை. போர்டில் நீலத்துக்குப் பதில் சிவப்பைத் தொட்டு வைத்து, துடைத்தான். பீடியைப் பற்றவைத்துக் கீழே வைத்தவன், மறந்துபோய் இன்னொன்றைப் பற்றவைத்தான். சனிக்கிழமை மலையிறங்கும் ஆலங்காயம் லாரி மூன்று முறை ஹாரன் அடித்தது. அவன் ஏறவில்லை.

ஞாயிறு காலை சுபேதார் வீட்டுக்குள் காலை வைத்தபோது மேசையில் சண்டை பாதி நடந்திருந்தது.

"யாரது?"

"நாந்தாங்க, ஹனீஃபா."

"பாயா! வா, வா. உன் பட்டாளம் எப்படி அடிக்குதுன்னு பாரு."

கம்பவுண்டரின் முகம் மாறியது. "லாரி நேத்தே போச்சே, பாய்?"

"போச்சுங்க. சுபேதார்கிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு இருந்துட்டேன்."

"இன்னா விஷயம்?" என்றார் சுபேதார்.

"அந்தப் பை விஷயந்தாங்க..."

"பையா? அது இன்னியோட ஒழிஞ்சுது. 'இனிமே முதல் அடி எப்பவும் உங்களுதுதான்'னு காலையிலயே வுட்டுக் குடுத்துட்டாரு கம்பவுண்டரு. பயம்! போன வாரம் வுழுந்த அடி அப்படி."

ஹனீஃபா சுவரோரம் ஒதுங்கி நின்றான்.

சுபேதாரின் விரல்கள் மேசைமேல் ஊர்ந்தன. ஒவ்வொரு சிப்பாயின் காலடியையும் தொட்டன. சொரசொரப்பு வந்தால் நின்று, அவனை முன்னே நகர்த்தின. வழவழப்பு வந்தால் தாண்டிப் போயின. கடைசியில் எதிரியின் கேப்டனை எடுத்து, ஹனீஃபாவுக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்து நீட்டினார்.

"யார் இன்னா சொன்னாலும் உன் மஞ்சள் மஞ்சள்தான், பாய். இன்னும் பளபளன்னு இருக்குது பாரு."

அவர் கையில் இருந்தவன் சுண்ணாம்பு வெள்ளை.

ஹனீஃபா கம்பவுண்டரைப் பார்த்தான். கம்பவுண்டர் போர்வைச் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"இன்னாமோ சொல்ல வந்தியே?" என்றார் சுபேதார்.

"மஞ்சளுக்கு இன்னொரு பூச்சு வேணுமான்னு கேக்கத்தாங்க நின்னேன்."

"வேணாம்பா. இதுவே கண்ணைப் பறிக்குது."

கேப்டனை மேசையில் வைத்து, சுற்றிலும் தன் ஆட்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "கம்பவுண்டரே, உங்க கேப்டனை வளைச்சுட்டேன். நாலுக்கு மேல வுழுந்தாத்தான் தப்பிப்பான். போடுங்க."

கம்பவுண்டர் பகடையை உருட்டினார். அது சுபேதாரின் முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றது, மேலே ஐந்து புள்ளிகளோடு.

"மலை மறைக்குது. இன்னா வுழுந்துச்சு?"

கம்பவுண்டர் ஹனீஃபா பக்கம் திரும்பவே இல்லை.

"ஒண்ணுங்க" என்றார். தன் கேப்டனைத் தானே எடுத்துப் பெட்டியில் போட்டார். "நாளைக்குச் சந்தையில சலாம் என்னுதுதான், சுபேதார்."