எட்டு அட்டைகளுக்குப் பதில்

சீட்டுக்கட்டுச் சீட்டளவு அட்டையில் பெயின்ட் பூசி, அழிரப்பரில் செதுக்கிய மயில் அச்சைக் குத்தி, துணியோ பித்தானோ ஒட்டுவேன். இப்படி அட்டை செய்து மாற்றிக்கொள்ளும் எங்கள் குழுவில் யாரும் அட்டையை விற்கக் கூடாது. தபாலில் ஒன்று அனுப்பினால் பதிலுக்கு ஒன்று வரும்.

அனுப்ப வைத்திருந்த எட்டையும், அச்சையும், என் கணவர் அசோக் வெந்நீர் அடுப்பில் போட்டார்.

"வெளையாடுற வயசா இது? வூட்டு வேலையப் பாரு."

அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினேன்.

அடுத்த வாரத்திலிருந்து தினம் ஒரு உறை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. செந்துறை தபால் முத்திரை மட்டும். ஒவ்வொரு அட்டையிலும் எரிந்துபோன என் மயில். முதல் அட்டையில் அசோக்கின் சட்டைப் பித்தான் ஒட்டியிருந்தது. நான்காவதில் அவர் மீசை மயிர். ஏழாவதில் ஒரு முழு நகம். அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். நகம் இல்லை. வலிக்கவே இல்லை என்றார்.

இன்று தபால்காரரை வாசலிலேயே மறித்தார்.

"இனிமே இங்க எதுவும் குடுக்காதீங்க சார்!"

"எட்டு எரிச்சீங்க. ஏழுதான் வந்திருக்கு" என்றேன்.

எட்டாவது உறை கனமாக இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.