இரண்டு கிலோ

எடை எந்திரத்தில் ஏறுமுன் அவர் இடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

துண்டில் சுற்றிய எடைக்கல் வேட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அவருடைய காய்கறிக் கடையின் இரண்டு கிலோ கல். பதினாறு ஆண்டுகளில் அந்தக் கல்லைக் கொண்டு அவர் எவரையும் ஏமாற்றியதில்லை.

முள் ஐம்பத்து நான்கில் நின்றது. போன மாதமும் அதுவே.

செலின் சிஸ்டர் அட்டையில் குறித்துக்கொண்டார்.

கூட்டு மருந்து மையத்தில் மாதந்தோறும் இதே நடைமுறை. எச்.ஐ.வி. உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதால் நான்கு கேள்விகள். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, இரவில் வியர்க்கிறதா என்று சிஸ்டர் கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றார். எடை குறைந்ததா என்ற நான்காவது கேள்விக்கு எந்திரமே அவருக்காகப் பதில் சொல்லிவிட்டது.

இருமல் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது.

காசநோய் என்று எழுதிவிட்டால் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வருவார். தெரு விசாரிக்கும். ஒன்றைத் தெரிந்துகொண்ட தெரு, மற்றதையும் தெரிந்துகொள்ளும். பிறகு அவர் கை தொட்ட கத்தரிக்காயை யார் வாங்குவார்கள்?

பள்ளி விடுமுறை என்பதால் மகள் இளவேனியும் வந்திருந்தாள்.

ஏழு வயது. கருவில் இருந்தபோதே மருந்து கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளை. ஒன்றரை வயதுப் பரிசோதனையில், இவளுக்கு நோய் இல்லை என்று தெரிந்த அன்று, அவரும் மனைவியும் இந்த அறையில்தான் அழுதார்கள்.

அன்று தொடங்கிய காவல். சவரக் கத்தி அவளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். தட்டும் தம்ளரும் தனி. தட்டினால் பரவாது என்று சிஸ்டர் பலமுறை சொல்லியும், தனி.

படுக்கை மட்டும் ஒன்று.

தாய் இறந்தபின் அவள் அவர் மார்பில்தான் உறங்குகிறாள். இருமல் வந்தால், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, அவள் உச்சந்தலையில் வாயைப் புதைத்துக்கொள்வார்.

அவர் இறங்கியதும், தானும் பார்க்க வேண்டுமென்று அவள் ஏறிக்கொண்டாள்.

முள் பதினேழில் நின்றது.

"எங்க ஸ்கூல்ல பத்தொம்பதுன்னு போட்டாங்க. இந்த மிஷின் பொய் சொல்லுது சிஸ்டர்."

சொல்லி முடிக்குமுன் இருமினாள்.

சிரிக்கத் தொடங்கிய சிஸ்டர் நிறுத்திக்கொண்டார். பிள்ளைக்கு எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். துண்டை அவிழ்த்தார். கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அவளுக்கு ரெண்டு வாரமா இருக்கு சிஸ்டர். எனக்கு ஒரு மாசம்."

சிஸ்டர் கல்லைப் பார்த்தார். பிறகு அவரை.

"என்னண்ணே இது" என்றார். அதற்குமேல் கடிந்துகொள்ளவில்லை.

முகக்கவசம் இரண்டு கொடுத்தார். சளி பிடித்துத் தரச் சிறு டப்பா ஒன்று கொடுத்தார். பிள்ளையையும் இன்றே பரிசோதிக்க வேண்டும், நோயென்றாலும் மாத்திரையில் குணமாகிவிடும், இனி அவளைச் சில காலம் தனியே படுக்க வைக்க வேண்டும் என்றார். எல்லாவற்றிற்கும் அவர் தலையசைத்தார்.

அழைக்கும்வரை வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள்.

மகளை ஓரத்தில் அமர்த்திவிட்டு, அவர் ஒரு முழம் தள்ளி அமர்ந்தார்.

அவள் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டாள்.

அவர் தள்ளிப்போனார்.

முகக்கவசத்திற்குமேல் அவள் கண்கள் சிரித்தன. புதிய விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். மறுபடியும் நெருங்கினாள்.

அவர் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

பெஞ்சு அத்துடன் முடிந்தது.