தூணுக்கு ஒரு வணக்கம்

ஒவ்வொரு தூணுக்கு முன்னாலும் கைடு ஒரு கணம் தலை குனிந்தார். அதற்குப் பிறகுதான் அதன் கதையை ஆரம்பித்தார். அரண்மனை பார்க்க வந்த கூட்டம் அந்தப் பக்தியில் உருகிப்போனது.

"இது பட்டத்து ராணியோட தூண். கோபம் வந்தா இதுல சாஞ்சுக்கிட்டுத்தான் நிப்பாங்களாம். அது, ராஜா சமாதானம் பேச வந்து நின்ன தூண்!"

கடைசி வரிசையில் கைடின் மகள் கொட்டாவியை விழுங்கினாள். பிறந்ததிலிருந்து கேட்ட கதைகள். அவள் காதில் வாங்குவதை விட்டே பல வருடமாகிறது.

பக்கத்தில் நின்ற அவள் காதலனான லிஃப்ட் மெக்கானிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. 'இந்த அரண்மனையோட அருமை தெரியாதவனுக்கு என் பொண்ணு கிடையாது. முதல்ல வந்து பாக்கட்டும், அப்புறம் பேசலாம்' என்று கைடு கறாராகச் சொல்லியிருந்தார். பாவம், சரித்திரப் பைத்தியமாக நடிக்க வந்திருந்தான் அவன்.

கூட்டம் தர்பார் மண்டபத்துக்குள் நுழைந்தது. "கடைசி ராஜாவுக்குக் காது மந்தம். இந்த வளைஞ்ச கூரையே அவர் ஆசனத்துல எல்லாம் கேக்கணும்னு போட்டதுதான்" என்றபடி, எல்லாரையும் ராஜாவின் கல் ஆசனத்துக்கு அழைத்துப் போனார் கைடு. அதற்குள் இவர்கள் இருவரும் ஆளில்லாத எதிர்க்கோடி மூலைக்கு நழுவியிருந்தார்கள்.

"எனக்கு எல்லாத் தூணும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்று கிசுகிசுத்தான் அவன்.

"வாயை மூடு! எந்தத் தூணைக் காட்டினாலும் 'அடடா, என்ன வேலைப்பாடு'ன்னு சொல்லு. அப்பா அப்படியே கரைஞ்சிடுவார்."

அங்கே கூட்டம் குபீரென்று சிரித்தது. அப்பாவின் வழக்கமான ஜோக் என்று நினைத்துக்கொண்டாள்.

"காலையிலேர்ந்து கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்துட்டேன். வரமாட்டேங்குது" என்றான். "நீ இல்லாம என்னால இருக்க முடியாது. ஆனா உங்கப்பாவை ஏமாத்திட்டு அவர் முகத்தைப் பாக்கவும் முடியாது. உள்ளதைச் சொல்லிடறேன்."

"சொன்னா நம்ம கல்யாணம் அவ்வளவுதான்!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்க்கோடியில் இப்போது ஒரு சத்தமும் இல்லை.

அவன் மண்டபத்தைக் கடந்து போனான். கூட்டம் வழிவிட்டு அவனையே வேடிக்கை பார்த்தது. "சார்... வந்து..." என்று இழுத்தான்.

ராஜாவின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த கைடு எழுந்து, அவன் தோளில் கை போட்டார். கூட்டத்துக்குக் கேட்காதபடி அவன் காதோரம் குனிந்தார்.

"எனக்கும் எல்லாத் தூணும் ஒரே மாதிரிதான் தெரியுது மாப்பிள்ளை, அடியில எழுதியிருக்கிற நம்பரைக் குனிஞ்சு பாத்துத்தான் நானே கதை விடறேன்!"