குப்பைத்தொட்டி பட்டன்

ஊருக்கே தண்ணி காட்டிக்கொண்டிருந்த பல்லி, செவ்வாய்க்கிழமை காலை ஒரு டீக்கடையில் வசமாகச் சிக்கினான். தண்ணீர்க் குழாயைப் பிடித்து எந்த மாடிக்கும் ஏறிவிடுவான் என்பதால் அந்தப் பெயர்.

இன்ஸ்பெக்டருக்குத் தரையில் கால் பாவவில்லை. போன வெள்ளிக்கிழமை, பட்டப்பகல் மூன்று மணிக்கு, ஆடிட்டர் வீட்டு லாக்கரை உடைத்து நகையை அள்ளியவன் இவன்தான். எதிர்வீட்டு அம்மாள் முகத்தைப் பார்த்திருக்கிறார். நகை இன்னும் கிடைக்கவில்லை; அந்த அம்மாளின் சாட்சியை நம்பித்தான் வழக்கு. ஜெயித்தால் பதவி உயர்வு. கோட்டை விட்டால் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு ஸ்டேஷனுக்குத் தூக்கி அடிப்பதாக மேலதிகாரி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் முன் கைதியைப் படம் எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். அங்கேதான் இடித்தது. ஸ்டேஷனின் குட்டி டிஜிட்டல் கேமரா செத்துக் கிடந்தது.

ஏட்டு அதைத் தட்டினார், ஊதினார், சட்டையில் துடைத்தார். வேறு பேட்டரி போட்டதும் உயிர் வந்தது. ஆனால் லென்ஸ் பாதி வெளியே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. திரையில் என்னென்னவோ புரியாத மொழியில் எழுத்துகள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிள்ளைகள் நோண்டியிருப்பார்கள் என்று ஏட்டு வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஸ்டேஷன் கேமரா அவர் வீட்டுக்கு எப்படிப் போனது என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, மறுபடியும் அதைச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பல்லி தொண்டையைச் செருமினான்.

“தப்பா நினைக்கலேன்னா நான் பாக்கட்டுங்களா ஐயா? தொழில்ல இந்த மாதிரி கேமரா நிறைய கைக்கு வந்து போயிருக்குங்க.”

ஏட்டு பதறிப்போய் இன்ஸ்பெக்டரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். உடைந்த லாக்கர், சுவரில் பதிந்த கால் தடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்த அத்தனை படங்களும் இதற்குள்தான் இருக்கின்றன. இன்னும் பிரிண்ட் போடவில்லை. பயல் ஒரே அமுக்கில் அழித்துவிடுவான் என்று காதில் ஓதினார்.

பல்லிக்குப் பாம்புக் காது.

“அதுல குப்பைத்தொட்டி படம் போட்ட பட்டன் ஒண்ணு இருக்கு பாருங்க ஏட்டையா. அதை அமுக்கினாத்தான் போட்டோ அழியும். அது மேல அமுக்காம உங்க கட்டைவிரலை வச்சு மறைச்சுக்கங்க. நான் மத்ததைத் தொடறேன்.”

நியாயமாகத்தான் பட்டது. ஒரு கையை விலங்கோடு பெஞ்சில் பூட்டிவிட்டு மறு கையில் கேமராவைக் கொடுத்தார்கள். ஏட்டு குப்பைத்தொட்டிக்குக் காவல் நின்றார். மூக்கு அரித்தபோதுகூட அந்த விரலை எடுக்கவில்லை.

பல்லி லென்ஸ் இடுக்கில் ஊதினான். கேமராவின் விலாவில் பக்குவமாக ஒரு தட்டுத் தட்டினான். லென்ஸ் முனகிக்கொண்டே முழுசாக வெளியே வந்தது. அடுத்துத் திரையில் ஏதோ கண்சிமிட்ட, இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார்.

“பேட்டரி செத்துக் கிடந்துச்சில்லீங்களா, எல்லாம் மறந்திருக்கும். கேக்கறதுக்கெல்லாம் பதில் சொன்னாத்தான் மேற்கொண்டு வேலை செய்யும்” என்று அம்புக்குறிகளை மேலும் கீழும் அமுக்கினான். ஏட்டுவின் கண் குப்பைத்தொட்டியை விட்டு அகலவில்லை.

அப்புறமும் படம் விழவில்லை. மெமரி கார்டில் இடமே இல்லை என்றான் பல்லி. திறந்து பார்த்தால் லாக்கர் படங்களைத் தாண்டி மற்றதெல்லாம் ஏட்டுவின் மச்சினன் கல்யாணம். ஏட்டு அசடு வழிந்தார். இன்ஸ்பெக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

“அழிய்யா.”

கல்யாணத்தைத் தன் கட்டைவிரலாலேயே ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டார் ஏட்டு. வீட்டுக்காரியிடம் என்ன சொல்வது என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பல்லிதான் ஆறுதல் சொன்னான்.

விலங்கைக் கழற்றியதும் உயரக் கோடு போட்ட சுவரோரம் போய்ப் பாந்தமாக நின்றான். ஃபிளாஷ் போட்டால் முகம் வெளிறிவிடும், ஜன்னல் வெளிச்சமே போதும் என்று யோசனையும் சொல்லி, பல் தெரியச் சிரித்தான். படம் பளிச்சென்று விழுந்தது. ஏட்டு எதிர் ஸ்டூடியோவுக்கு ஓடிப்போய்ப் பிரிண்ட் போட்டுவந்தார். லாக்கர் படம், கால் தடம், எதுவும் போகவில்லை. இன்ஸ்பெக்டர் நிம்மதியாக எல்லாவற்றின் பின்பக்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பல்லிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. எதிர்வீட்டு அம்மாள் கூண்டில் ஏறி, இவனேதான் என்று அடித்துச் சொன்னார். பல்லியின் வக்கீல் அவரை ஒன்றுமே கேட்கவில்லை. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, லாக்கர் படத்தையும் கைதியின் படத்தையும் ஒரே கேமராவில்தான் எடுத்தார்களா என்று விசாரித்தார். ஆமாம் என்றார் இன்ஸ்பெக்டர். பின்னால் இருக்கும் கையெழுத்தும் தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டார்.

“அந்தக் கேமராவை போலீஸ் தவிர வேற யாராவது தொட்டாங்களா?”

கைதியிடம் கொடுத்தோம் என்று கோர்ட்டில் சொல்ல முடியுமா? இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து நின்று, வேறு ஒருவர் கையும் படவில்லை என்று சத்தியம் செய்தார்.

வக்கீல் கைதியின் படத்தைத் திருப்பி, அதன் மூலையில் மஞ்சள் நிறத்தில் விழுந்திருந்த தேதியையும் நேரத்தையும் நீதிபதிக்கு உரக்கப் படித்துக் காட்டினார்: ஆடிட்டர் வீட்டு லாக்கர் உடைந்த அதே வெள்ளிக்கிழமை, அதே பிற்பகல் மூன்று மணிக்கு, பல்லி போலீஸ் ஸ்டேஷனில் சிரித்துக்கொண்டு நின்றிருந்தான்.