வீட்டைப் பார்த்த பூட்ஸ்

சிப்பாய்ப் பையன் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினான். கழற்றியதோடு விடாமல், அதன் மூக்கு வீட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தான்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே வாய் பிளந்துவிட்டது. முக்கால்வாசிப் பேர் இந்த இடத்திலேயே கோட்டை விட்டுவிடுவார்கள்.

வீடு என்றால் நிஜ வீடு இல்லை. ராணுவ முகாமுக்குள் பலகை அடித்து நிறுத்திய வீடு. கடல் தாண்டி ஒரு நாட்டுக்குச் சிப்பாய்களை அனுப்புகிறார்கள். அந்த ஊர் வீட்டுக்குள் போனால் முறை தெரிந்து நடந்துகொள்வானா என்று அதற்கு முன்னால் இங்கே அளந்து பார்ப்பார்கள்.

வந்தவன் செருப்பு தெருவைப் பார்த்திருந்தால், எப்போது ஓடலாம் என்றிருக்கிறான் என்று அந்த ஊரில் அர்த்தமாம். வீட்டைப் பார்த்திருந்தால், உங்களை நம்பி வந்துவிட்டேன் என்று அர்த்தமாம்.

அந்த ஊர்க்காரர்களாக நடிக்க எங்கள் தெருவில்தான் ஆள் எடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி வேஷம். பயிற்சியே தேவைப்படவில்லை என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்த வீட்டு அம்மாவாகத் தையல்காரி.

நிஜத்திலும் அவள் எனக்கு அடுத்த வீடுதான். போன மழைக்குக் குடிவந்தவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். தன் மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதற்கு மேல் ஒரு சொல் கறக்க முடியவில்லை.

ஆனால் அவள் வாசலில் ஒரு ஜோடி ஆம்பளை பூட்ஸ் இருக்கிறது. அதுவும் பட்டாளத்து பூட்ஸ். ஒற்றைப் பொம்பளை வீட்டுக்குள் போனவன் யார், ஏன் வெளியே வரவே மாட்டேன் என்கிறான் என்று நானும் எதிர்வீட்டு அக்காவும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

சிப்பாய்ப் பையன் முகாம் வீட்டுக்குள் வந்தான். நாற்காலியைத் தொடவில்லை. தையல்காரியின் முகத்துக்குக் கீழே தன் முகம் இருக்கும்படி தரையில் உட்கார்ந்தான்.

எங்கள் வண்டி மோதி உங்கள் மகன் இறந்துவிட்டான் என்று சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை. மற்றவர்கள் இன்று தண்ணீர் வராது என்பதுபோலச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். இவன் சொன்னான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அப்படியே இருந்தான்.

இந்த இடத்தில் அவள் அழ வேண்டும். ஒரு நாளும் அழுததில்லை. நான்தான் ஜன்னலில் நின்று அவளுக்கும் சேர்த்து அழுது தொலைப்பேன். இன்றும் அழுதேன்.

மூலையில் உட்கார்ந்து மார்க் போடும் கண்ணாடிக்காரம்மா தலையை நிமிர்த்தினாள். பாதி மார்க் அவளுடையது, பாதி அம்மா வேஷக்காரியுடையது.

"நீங்க எவ்வளவு போடறீங்க?"

"முட்டை," என்றாள் தையல்காரி.

எல்லோருக்கும் முட்டைதான். முகாமில் அவளுக்குப் பெயரே முட்டையம்மா. முட்டை வாங்கியவன் விமானம் ஏற முடியாது. இங்கேயே சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரிக்க வேண்டியதுதான்.

"அடிப்பாவி, இவனுக்குமா?" என்று ஜன்னலிலிருந்தே கேட்டுவிட்டேன். அது என் வேஷத்தில் இல்லாத வசனம்.

கண்ணாடிக்காரம்மா தொண்டையைச் செருமினாள். "இனிமே அம்மா போடற மார்க்கைச் சேர்க்க வேண்டாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி வருதாம், அதை வெச்சு எதையும் அளக்க முடியாதாம்." பையன் பக்கம் திரும்பினாள். "நீ பாஸ். அடுத்த விமானத்துல கிளம்பறே."

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பல்லெல்லாம் தெரிந்தது. ஓடிப்போய் வாசலில் உட்கார்ந்து பூட்ஸில் காலை நுழைத்தான்.

தையல்காரி எழுந்து போனாள். அவன் முன்னால் மண்டியிட்டு, பூட்ஸ் நாடாவைக் கையில் எடுத்தாள். இழுத்து முடிந்தாள். முடிச்சுமேல் முடிச்சு. பொத்தான் தைத்துவிட்டு நூலை இறுக்குவாளே, அந்த மாதிரி.

பையனுக்கு வெட்கம். "இப்படிக் கட்டினா கழட்டவே முடியாதும்மா," என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். அவள் அடுத்த காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் போன பிறகு கண்ணாடிக்காரம்மா ஜன்னல் பக்கம் வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள். இல்லை, என் முகமே கேட்டிருக்கும்.

"இவன் அளவுக்கு நான் மார்க் போட்டது முன்னாடி ஒருத்தனுக்குத்தான். அவங்க பையனுக்கு."

அங்கே ஒரு வீட்டு வாசலில் இதேபோலக் கழற்றி, இதேபோலத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனானாம். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லையாம். தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது வாசலில் இருந்ததுதான். அதைத்தான் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்களாம்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது எதிர்வீட்டு அக்கா கையைத் தட்டிக் கூப்பிட்டாள். "என்னடி, பூட்ஸ்காரன் யாருன்னு துப்பு கெடச்சுதா?"

"இல்லக்கா," என்றேன்.

தையல்காரியின் கதவு சாத்தியிருந்தது. பூட்ஸ் இரண்டும் வீட்டைப் பார்த்தபடி இருந்தன. நாடாக்கள் அவிழ்ந்து கிடந்தன.