ஐந்து முறை திரும்பிய கேஸ் ஷீட்

அந்தக் கேஸ் ஷீட் ஐந்தாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. மேலே குண்டூசியில் ஒரு துண்டுச் சீட்டு: ‘பக்கம் 14. மருந்து கொடுத்த நேரம் எழுதவில்லை.’

டாக்டருக்குச் சுருக்கென்றது. முதல் முறை, எழுத்து புரியவில்லை என்று வந்தது. அப்புறம் தேதியில் அடித்தல் திருத்தல். அதற்கடுத்து, காய்ச்சல் அட்டவணை இடம் மாறிவிட்டதாம். போன வாரம் பக்க எண் போடவில்லை என்று ஒரு சீட்டு.

வேறு யாருடையதாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்திருப்பார். இது வயிற்றில் குண்டு பாய்ந்து வந்த சிப்பாயுடையது. இரண்டு நாள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. வெளியே மனைவி நிற்கிறாள் என்றார்கள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல், சேதி சொல்லத் தலைமை நர்ஸை அனுப்பிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

ஆறு வாரமாகிறது. அந்தக் கோப்பைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு நாளும் முதலிலிருந்து ஆரம்பித்தன. இதை மூடி அலமாரியில் ஏற்றிவிட்டால் தானும் கொஞ்சம் தூங்கலாம் என்றிருந்தது அவருக்கு.

நேரே ராணுவ ஆஸ்பத்திரியின் கமாண்டன்டிடம் போனார். கையோடு உத்தரவும் வாங்கினார். இன்று மாலைக்குள் கோப்பு மூடப்பட வேண்டும். இல்லையென்றால் ரெக்கார்டு கிளார்க்குக்குச் சாமான் கிடங்குக்கு மாற்றல்.

ரெக்கார்டு ரூம் கீழ்த்தளத்தில் இருந்தது. கூரை வரை இரும்பு ரேக்குகள், எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்துக்கு ஏற்றபடி விளிம்பில் வண்ணத் துண்டு ஒட்டிய கோப்புகள். நடுவில் கிளார்க். அவரும் ஒரு காலத்தில் சிப்பாய்தான். ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புவார் என்று ஆஸ்பத்திரியே அவருக்குக் கால்புள்ளி என்று பெயர் வைத்திருந்தது.

“வாங்க சார். நேரம் எழுதிட்டீங்களா?”

“எழுதியாச்சு. இன்னும் என்னென்ன குறைன்னு இப்பவே மொத்தமா சொல்லிடுங்க.”

கால்புள்ளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். “பக்கம் ஒன்பதுல, ரத்தம் ஏத்தின பாட்டில் நம்பர்...”

டாக்டர் பக்கத்து ரேக்கிலிருந்து ஒரு கோப்பை உருவிப் பிரித்தார். “இது கண் டாக்டரோடது. பாதிப் பக்கத்துல கையெழுத்தே இல்லை. இதை எப்படி மூடினீங்க?”

கால்புள்ளி அந்தக் கோப்பை வாங்கி, இருந்த இடத்திலேயே செருகினார்.

“அப்போ என்னைத்தான் குறி வெச்சிருக்கீங்க. செத்துப்போனவனை வெச்சு விளையாடறீங்களே, மனசுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?”

“விளையாடல சார்.”

டாக்டர் உத்தரவை எடுத்து மேஜையில் வைத்தார். படித்ததும் கால்புள்ளியின் முகம் விழுந்துவிட்டது.

“ஒரு பத்து நாள் பொறுக்க முடியாதா சார்?”

“பத்து நிமிஷம்கூட முடியாது.”

கால்புள்ளி இழுப்பறையிலிருந்து ‘மூடப்பட்டது’ முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். அவசரமே இல்லாமல் ஒற்றினார்.

அப்போது பிரசவ வார்டு நர்ஸ் உள்ளே வந்தாள். “குழந்தை பிறந்தாச்சு. பொம்பளைப் பிள்ளை. நாள் இருக்கும்போதே வலி வந்துடுச்சு. அம்மாவுக்கு ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகம், நாலு நாளாவது வெச்சுப் பாக்கணுமாம். குழந்தைக்குப் புது கேஸ் ஷீட் போடணும். அப்பா நம்பர் சொல்லுங்க.”

அங்கே மனைவி, பிள்ளைகளின் கேஸ் ஷீட் எல்லாம் சிப்பாயின் எண்ணில்தான் திறக்கப்படும். கால்புள்ளி எந்த ரிஜிஸ்டரையும் பார்க்காமல் எண்ணைச் சொன்னார்.

டாக்டர் மேஜையில் கிடந்த கோப்பைப் பார்த்தார். அதே எண்.

நர்ஸ் எழுதிக்கொண்டே சொன்னாள், “நல்லவேளை, அப்பா ஃபைல் இன்னும் திறந்தே இருக்கு. மூடியிருந்தா அன்னிக்கே இவங்க ஆஸ்பத்திரி அட்டை ரத்தாகியிருக்கும். குவார்ட்டர்ஸையும் காலி பண்ணச் சொல்லியிருப்பாங்க. நிறைமாசத்தோட அந்தப் பொண்ணு எங்க போயிருக்கும், பாவம்.”

எண்ணை எழுதிக்கொண்டு அவள் போய்விட்டாள். டாக்டருக்கு அவமானமாக இருந்தது.

“ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

“சொன்னா நீங்களும் தெரிஞ்சே விதியை மீறினவராயிடுவீங்க சார். வர்றது என்னோட போகட்டும்னு பார்த்தேன்.” கால்புள்ளி மறுபடி முத்திரையைக் கையில் எடுத்தார். “இப்ப மூடினா சாயங்காலமே கட்டிலைக் காலி பண்ணச் சொல்வாங்க. ஆனா, உத்தரவு போட்டாச்சே.”

டாக்டர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். முதல் பக்கத்தைத் திருப்பி, அடியிலிருந்த தன் கையெழுத்தின் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டார்.

“கையெழுத்து சரியில்லை. எனக்குத் திருப்பி அனுப்புங்க. சரி பண்ணிக் கொடுக்க நாலஞ்சு நாள் ஆகும். கமாண்டன்ட் கேட்டா, டாக்டர்தான் சோம்பேறின்னு சொல்லிடுங்க.”