நத்தையின் கேள்வி

கண்ணாடித் தொட்டியில் ஊர்ந்த நத்தைக்கு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. சாம்பல் நிறக் குட்டை சிக்லிட் மீனிடம் கேட்டேவிட்டது: “நீ ஆணா, பெண்ணா?”

“மெதுவாப் பேசு. ஆண்தான். அந்தப் பெரிய ஆண்மீன் நீலவாலனுக்குத் தெரிஞ்சா என் துடுப்பு மிஞ்சாது. பெண்ணுன்னு நெனச்சுதான் விட்டுவச்சிருக்கான்.”

ஒரு நாள் வலை வந்து நீலவாலனை அள்ளிக்கொண்டு போனது. சில நாளிலேயே சாம்பல் மீனின் வாலும் நீலமானது, துடுப்பு விறைத்தது. “மீனை யார் மாத்தினது?” என்று வீட்டுக்காரர் கத்தினார்.

பிறகு சாம்பல் நிறத்தில் பொடி மீன் ஒன்று புதிதாக வந்தது.

“இது ஆணா, பெண்ணா?” என்றது நத்தை.

“பார்த்தாலே தெரியலையா? பெண்தான்!” என்றான் புது நீலவாலன்.

நத்தைக்கு மனசு கேட்கவில்லை. ஊர்ந்துபோய்ப் பொடி மீனிடமே கேட்டது.

“மெதுவாப் பேசு” என்றது பொடி மீன்.